ஒரு நொடி பிந்திய தீவு

எண்ணை மாற்றினால் போதும், வேலை முடிந்துவிடும். திரையில் ஒரு கட்டத்துக்குள் அது உட்கார்ந்திருந்தது, இடப்பக்கம் ‘ஊழி, உயிர்’ என்று எழுத்து, வலப்பக்கம் நீளமாக ஓர் எண், அதன் முதல் இலக்கத்தை ஒட்டி ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது, அழிக்கிறாயா இல்லையா என்று கேட்பதுபோல. சகாயராணி சாப்பாட்டு டப்பாவை மூடினாள். விரலில் எலுமிச்சை ஊறுகாய் வாசனை. கழுவிவிட்டு வந்து மாற்றலாம். கழுவிவிட்டு வந்தாள், மாற்றவில்லை. அலுவலகத்தில் யாரும் இல்லை, புதிதாகக் கல்யாணமான ஒருவன் எல்லோரையும் பிரியாணிக்கு அழைத்துப் போயிருந்தான், அவள் மட்டும் வேலை இருக்கிறது என்று தங்கிவிட்டாள், வேலை என்பது இந்த ஓர் இலக்கம். கிளம்பும்போது பிரகலாதன் சார் அவள் மேஜையருகே நின்று, கையில் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே, இன்றைக்கு இறக்கிவிடுங்கள் ராணி, ஆறு மணிக்கு சர்வரை மூடித் திறக்கும்போது புது எண் உள்ளே போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும் என்றார், தையற்கடைக்காரரிடம் சட்டையில் ஒரு பிடி பிடிக்கச் சொல்லுகிற தொனியில். கோயம்புத்தூரின் சனிக்கிழமை மதியம் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது, ஏசி எங்கோ சொட்டியது, அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊழி அவள் செய்தது. ‘ஏழு வாயில்’ என்ற அந்த விளையாட்டில் ஊர் உலகத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து திரிகிறார்கள், ஆளுக்கொரு வேஷம், ஆளுக்கொரு பெயர், எட்டுப் பேராகக் கூட்டுச் சேர்ந்து ஒவ்வொரு வாயிலாகக் கடக்க வேண்டும், ஏழாவது வாயிலில் ஊழி சுருண்டு படுத்திருக்கும். ஓவியர் அதற்குப் பாம்பின் உடலும் யாளியின் தலையும் வரைந்தார். ஆனால் அது எப்போது தலை தூக்க வேண்டும், எவ்வளவு பலமாக அடிக்க வேண்டும், அடிக்கும் முன் எவ்வளவு நேரம் அவகாசம் தர வேண்டும் என்பதெல்லாம் ராணி வைத்தது. அதுதான் அவள் உத்தியோகம். ரொம்பச் சுலபமாக இருந்தால் ஜனங்கள் கொட்டாவி விடுகிறார்கள், ரொம்பக் கஷ்டமாக இருந்தால் போய்விடுகிறார்கள், இரண்டுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதையளவு இடம் இருக்கிறது, அந்த இடத்தில் நின்று பதினைந்து வருஷம் சோறு சாப்பிட்டிருக்கிறாள். மனிதரால் எது முடியும், அதற்குக் கொஞ்சம் மேலே எது, அது தெரிந்தவள் என்றுதான் சம்பளம். ஆனால் வாயில் திறந்து வாரக்கணக்காகிவிட்டது, ஒரு கூட்டம்கூட ஊழியைக் கொல்லவில்லை. பாதி உயிர்வரைகூடக் கொண்டுபோகவில்லை. திட்டி எழுதுகிறார்கள், இது சண்டையில்லை குலுக்கல் சீட்டு, யாரை அடிக்கும் என்று அதற்கே தெரியாது என்கிறார்கள், விட்டுவிட்டும் போகிறார்கள். அவளுக்கு உள்ளே ஒரு பயம், அதை யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் ஆளில்லாத நேரம் பார்த்துத் தானே ஒரு வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தாள், ஊழி இரண்டாவது தடவை மூச்சிழுத்து அடித்ததுமே செத்தாள், மறுபடி போனாள், மறுபடி இரண்டாவது மூச்சு. தூத்துக்குடியில் கல்லூரி நாட்களில் பிரௌசிங் சென்டரில் அவள் விளையாட உட்கார்ந்தால் பின்னால் நாற்காலி போட்டுப் பார்ப்பார்கள், பையன்கள் எவனும் அவளிடம் பந்தயம் வைக்க மாட்டான், அந்தக் கை இது, இதே கைதான், நாற்பத்திரண்டு வயதில் விரல் மூட்டில் காலையில் ஒரு இறுக்கம், சூடு தண்ணீரில் வைத்தால் இளகுகிறது. கை போனால் போகட்டும், அது எல்லோருக்கும் போவதுதான். கையோடு அளவும் போய்விட்டதா? மனிதரால் எது முடியும் என்பது தனக்கு மறந்துபோய்விட்டதா? மறந்துபோனதுகூடத் தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேனா?

எண்ணை அழிக்காமல் திரையில் வேறொரு சாளரத்தைத் திறந்தாள், அதில் யார் கண்ணுக்கும் படாமல் எந்தச் சண்டையையும் நின்று பார்க்கலாம். அந்த நேரத்தில் ஏழாம் வாயிலில் ஒரே ஒரு கூட்டம்தான் இருந்தது. எட்டுப் பேர். தங்கள் ஆட்டத்தை எல்லோரும் பார்க்கும்படி ஒளிபரப்பிக்கொண்டிருந்தார்கள், ஆனால் பார்க்கத்தான் ஆளில்லை, அவளையும் சேர்த்தால் விரல்விட்டு எண்ணலாம். குரல்கள் கேட்டன. தலைவன் ரியாஸ், காயல்பட்டினத்துப் பேச்சு, இருக்கிறது துபாயில் என்று அவன் பேச்சிலேயே தெரிந்தது, ஷிஃப்டுக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். தினகர் என்று ஒருவன், தர்மபுரிக்காரன், பதற்றத்தில் வார்த்தைகளை விழுங்கிப் பேசினான். இன்னும் சிலர், அதிகம் பேசாதவர்கள். பிறகு ஒரு பெண் குரல், சுகந்தி அக்கா என்று எல்லோரும் அழைத்தார்கள், நிதானமான நடுவயதுக் குரல், அவள் பேசும்போது பின்னால் தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தமும் ஒரு கோழி கொக்கரிப்பதும் கேட்டது. கூட்டத்தின் மருத்துவச்சி அவள்தான், மற்ற ஏழு பேரும் வெட்டுவார்கள், எய்வார்கள், இவள் அவர்களைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு, அவர்கள் இருக்கும் இடத்துக்கும் சர்வருக்கும் இடையே சேதி போய்வர எவ்வளவு தாமதம் என்று காட்டுவது, தாமதமில்லை என்றால் பச்சை. துபாய்க்காரனுக்குக்கூடப் பச்சை. சுகந்தியின் விளக்கு மட்டும் சிவப்பு, அடர்ந்த சிவப்பு. ராணி அதன் மேல் சுட்டியை வைத்துப் பார்த்தாள். அந்தமானில் வடக்கே ஒரு தீவு, கூரையில் டிஷ் வைத்து வானத்திலிருந்து வாங்கும் இணைப்பு, தாமதம் ஒரு நொடி. ஊழி தலை தூக்கி மூச்சிழுப்பதிலிருந்து அடிப்பது வரை அவள் தந்திருந்த அவகாசம் அரை நொடிகூடக் கிடையாது. ஆக, ஊழி மூச்சிழுப்பதை இந்தப் பெண் பார்க்கும்போது அடி விழுந்து ஆள் செத்துக் கிடப்பான். இவளால் முடியாது. இவளை எதற்குச் சேர்த்தார்கள்? ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாமே, அக்கா உங்க நெட்டுக்கு இது ஆகாது என்று. சண்டை தொடங்கியது, எட்டு உருவங்களும் ஊழியைச் சுற்றி ஓடின, முதல் மூச்சு, அடி ஒரு வில்லாளி மேல் விழுந்தது, அவன் சாகவில்லை. அவனைச் சுற்றி ஒரு நீல வளையம், மருத்துவச்சி அனுப்பும் காப்பு, மின்னி அணைந்தது. இரண்டாவது மூச்சு, அடி ரியாஸ் மேல், நீல வளையம், அவனும் சாகவில்லை. மூன்றாவதில் தினகர் செத்தான், பிறகு கூட்டம் சரிந்தது, எல்லோரும் செத்தார்கள், ஸாரிப்பா என்றான் தினகர், பரவாயில்லடா என்றது மழைச் சத்தத்தினுள்ளிருந்து அந்தக் குரல், மற்றவர்கள் பேசி முடித்துவிட்ட பிறகு, ஒரு நொடி கழித்து.

ஒரு நொடி கழித்து வரும் குரல் அவளுக்குப் பழக்கம். அப்பா சரக்குக் கப்பலில் இருந்தார், நடுக்கடலிலிருந்து எப்போதாவது பேசுவார், வீட்டுக் கூடத்தில் அம்மா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள், பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். ராணிக்குக் கொடுத்தால் அவள் கத்துவாள், அப்பா எப்படி இருக்கீங்க என்று, பதில் வராது, கேட்கவில்லையோ என்று மறுபடி கத்துவாள், அதற்குள் முதல் கேள்விக்குப் பதில் வந்து இரண்டாவது கேள்வியோடு மோதும், இரண்டு பேரும் நிறுத்துவார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள், நேரம் அப்படியே தீர்ந்துவிடும். அம்மா அப்படியில்லை. அம்மா கேள்விக்குக் காத்திருக்க மாட்டாள். சாப்பிட்டோம், காய்ச்சல் விட்டுடுச்சு, ஆமா அவளுக்குத்தான், இல்ல ஊசி போடல என்று இடைவெளி விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டே போவாள், அந்த இடைவெளிகளில் அப்பா அங்கே கேட்டுக்கொண்டிருப்பார், அவர் கேட்கக் கேட்க இவள் பதில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் தனக்குத்தானே பேசுவதுபோலத் தெரியும். அம்மாவுக்குக் கடல் தெரியாது, செயற்கைக்கோள் தெரியாது, அந்த மனுஷன் அடுத்து என்ன கேட்பார் என்பது தெரியும். அப்படியென்றால் இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? ஊழியைத் தெரியுமா? ஊழியைத் தெரிந்துகொள்ள அதற்கென்று ஒரு மனம் வேண்டுமே, அது நான் எழுதிய சில வரிகள்தானே.

அவர்கள் மறுபடி உள்ளே போனார்கள், மறுபடி செத்தார்கள். ராணி பதிவைப் பின்னோக்கி ஓட்டி ஒவ்வொரு கணமாகப் பிரித்துப் பார்த்தாள். நீல வளையம் அடிக்குப் பிறகு வரவில்லை. அடியோடும் வரவில்லை. அடிக்கு முன்னால் வந்திருந்தது. ஊழி மூச்சிழுக்கத் தொடங்கும் முன்பே வளையத்துக்கான கட்டளை அந்தத் தீவிலிருந்து புறப்பட்டிருந்தது, சரியான ஆளுக்கு. வளையம் நிற்பதோ இமைக்கிற நேரம், அந்த இமைப்பொழுதுக்குள் அடி வந்து விழுந்திருக்கிறது. திருட்டு, என்று தோன்றியது உடனே. சர்வரின் மனதைப் படிக்கும் ஏதோ நிரலை ஓட்டுகிறாள், அப்படி ஆட்கள் உண்டு, ராணியே எத்தனையோ பேரைப் பிடித்து வெளியேற்றியிருக்கிறாள். மழை, கோழி, பரவாயில்லடா என்ற குரல், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு திருட்டு. தோன்றியதுமே ஒரு நிம்மதியும் வந்தது, அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது, திருட்டென்றால் தன் அளவு தப்பவில்லை, மனிதரால் முடியாதது முடியாததுதான், எண்ணை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பழைய பதிவுகளைத் தேடி எடுத்தாள், இந்தக் கூட்டம் வாரக்கணக்காக இங்கே வந்து செத்திருக்கிறது, எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. நிரலென்றால் குறி தப்பாது. இவளுக்குத் தப்பியிருந்தது. ஆரம்ப நாட்களில் கண்டபடி, பிறகு குறைந்து குறைந்து, இன்றைக்கும் சில. அந்தத் தப்புகளை மட்டும் தனியாகப் பார்த்தபோதுதான் ராணிக்குப் புரிந்தது. ஒரு வளையம் தினகர் மேல் விழுந்து வீணாகியிருந்தது, அந்த முறை அவன் வழக்கத்துக்கு மாறாக நிற்காமல் ஓடியிருந்தான். இன்னொன்று ரியாஸ் மேல் வீணானது, அவன் வாயிற்கதவருகே திரும்பும்போது எப்போதும் ஒரு கணம் தடுமாறுவான், அந்தத் தடவை தடுமாறவில்லை. அவள் ஊழியைப் பார்க்கவேயில்லை. ஊழியைப் பார்த்துப் பயனில்லை என்பது அவளுக்கு முதல் நாளே புரிந்திருக்கிறது. அவள் அந்த ஏழு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யார் எங்கே பயப்படுவான், யாருக்கு எப்போது கை நடுங்கும் என்று, ஒரு நொடி பிந்திய தன் தீவிலிருந்து, ஏழு பேருக்கும் ஒரு நொடி முன்னால் போய் நின்றுகொண்டிருந்தாள்.

ஆனால் அது எப்படி உதவும் என்பது உலகத்தில் ராணிக்கும், அந்த வரிகளை எழுதித் தந்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்ட ஒருவனுக்கும்தான் தெரியும். ஊழி குலுக்கல் சீட்டில்லை. ஊழி தயங்குகிறவனை அடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் எட்டுப் பேரில் யார் கால் முதலில் நிற்கிறதோ அவனை, அது ஒரு கண நிறுத்தமாக இருந்தாலும், அதுதான் விதி, அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்த விதி எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் ஆராய்ச்சி அது இது என்று சொல்வாள், வந்தது காந்திபுரத்தில், பஸ் ஸ்டாண்டு முன்னால், ஸ்கூட்டர் பழகிய புதிதில். பாதி சாலையைக் கடந்தபோது போவதா திரும்புவதா என்று ஒரு கணம் நின்றுவிட்டாள், வலப்பக்கமிருந்து பஸ், அதன் முகப்புக் கண்ணாடி முழுக்க வெயில், உடம்பெல்லாம் சிமெண்டானதுபோல ஒரு நிறுத்தம், பிரேக் சத்தம், டிரைவர் எட்டிப் பார்த்து, நடுவுல நின்னா செத்துருவேம்மா என்று அமைதியாகச் சொன்னார், திட்டக்கூட இல்லை. அதற்குப் பிறகு அவள் ஸ்கூட்டரைத் தொடவில்லை. அந்தக் கண்ணாடி, அந்த வெயில், அந்த நிறுத்தம் எல்லாம் போய் ஊழிக்குள் உட்கார்ந்துகொண்டன, தயக்கத்தைத் தண்டிக்கும் ஒரு மிருகம். செய்தபோது பெருமையாக இருந்தது. பயப்படுகிறவர்களுக்குப் பயத்தைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று நினைத்தாள். இன்றைக்குப் பதிவுகளைப் பார்க்கையில் அது தன் வெட்கத்துக்குத் தான் கட்டிய கூண்டு மாதிரி இருந்தது, அதற்குள் ஊர்பேர் தெரியாத ஜனங்களை அனுப்பிச் சாகடித்துக்கொண்டிருக்கிறாள், அவர்களும் ஒவ்வொரு தரமும் ஸாரிப்பா என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறார்கள்.

போன் அடித்தது. பிரகலாதன் சார். பின்னால் தட்டுச் சத்தம், சிரிப்பு. மாற்றியாகிவிட்டதா என்று கேட்டார், கொஞ்ச நேரம் கொடுங்கள் சார் என்றாள், ஒரு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. அவள் எப்போதும் நன்றாக ஆடுகிறவர்களை வைத்தே கணக்குப் போடுவதாகவும், மற்றவர்கள் யாரும் நம்மோடு சண்டை போட்டுவிட்டுப் போவதில்லை, சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள், போனவர்களை எந்தச் சாளரத்திலும் பார்க்க முடியாது என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நம்ம வேலை கதவு வைக்கிறதுங்க ராணி. செவுரு வைக்கிறதில்ல” என்றார். அவள் சரிங்க சார் என்றாள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம். போனை வைத்துவிட்டு எண்ணின் பக்கம் திரும்பினாள், முதல் இலக்கத்தை அழித்தாள், காலி இடம் மினுக்கியது, அதில் எதையும் எழுதாமல் மறுபடி சாளரத்துக்குத் திரும்பினாள், ஏனென்றால் அங்கே எல்லோரும் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள்.

தினகர்தான் அந்த நிசப்தத்துக்குக் காரணம். தன்னை விட்டுவிட்டு வேறு யாரையாவது சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். எத்தனை தடவை போனாலும் அந்தத் தலை தூக்கும்போது கை நின்றுவிடுகிறது, தெரிந்தேதான் நிற்கிறது, தன்னால் எல்லோரும் சாகிறார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். ரியாஸ் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தான், யாருக்குத்தான் பயமில்லை என்பதுபோல. மழைச் சத்தம் வந்தது. சுகந்தி பேசினாள்.

“தினா, நீ போக வேண்டாம். நீ நில்லு.”

புரியல அக்கா என்றான் அவன்.

“இவ்ளோ நாளா நான் பாத்துட்டே இருக்கேன். அது கண்டபடி அடிக்கல. நிக்கிறவங்களத்தான் அடிக்குது. அப்ப நீ நின்னுக்கோ. ஓடவே ஓடாத. பயமா இருந்தா பயந்துக்கோ, பரவால்ல. அது உன்னையே அடிக்கட்டும். மத்தவங்க திரும்பிப் பாக்காம வெட்டுங்க. இவன நான் பாத்துக்கறேன்.”

ராணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை, உட்காரவும் தோன்றவில்லை. அவளுக்குத் தெரிந்த ஊழியை அந்தப் பெண் ஒரு வாக்கியத்தில் திருப்பிப் போட்டுவிட்டாள், பாயைத் திருப்பிப் போடுவதுபோல. தயங்குகிறவனைத் தண்டிக்கும் மிருகத்தின் முன்னால் ஒருவனை வேண்டுமென்றே நிறுத்திவிட்டால்? மற்ற ஏழு பேரும் தயங்கலாம், தடுமாறலாம், அவர்களை அது பார்க்காது, முதலில் நின்றவனையே பார்த்துக்கொண்டிருக்கும். விதியில் ஓட்டை இல்லை, விதி அப்படியே இருக்கிறது, அதற்குள் இப்படி ஒரு கதவு இருப்பது அதைக் கட்டியவளுக்குத் தெரியவில்லை. ஆனால் முடியாது, முடியவே முடியாது, ஒவ்வொரு மூச்சுக்கும் ஓர் அடி, ஒவ்வோர் அடிக்கும் ஓர் இமைப்பொழுது வளையம், உயிர் குறையக் குறைய ஊழியின் மூச்சு வேகமெடுக்கும், சீராக வேகமெடுக்காது, அதையும் அவள்தான் வைத்தாள், கண்ணுக்கெதிரே பார்த்தாலே பிடிபடாது, இவளோ ஒரு நொடி பழையதைப் பார்க்கிறாள். அங்கே கோழி கொக்கரித்தது. சுகந்தி யாரையோ அதைத் துரத்தச் சொன்னாள். சரி போலாம் என்றாள்.

தினகர் நின்றான். ஊழியின் முகத்துக்கு நேரே, ஆள் நடமாட்டமில்லாத சாலை நடுவில் நிற்பதுபோல, கவசத்தில் வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்க, ஒரு சின்ன உருவம். தலை தூக்கியது. அவன் மூச்சை இழுத்துப் பிடிப்பது மைக்கில் கேட்டது. நீல வளையம். அடி. நின்றுகொண்டிருந்தான். இன்னொரு மூச்சு, வளையம், அடி, நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஆறு பேர் வெட்டினார்கள், எய்தார்கள், யாரும் பேசவில்லை, ஊழியின் உயிர்க்கோடு இத்தனை வாரத்தில் போகாத தூரம் போனது, பாதியைத் தாண்டியது, மூச்சு வேகமெடுத்தது. ராணி இப்போது ஊழியைப் பார்க்கவில்லை, சாளரத்தின் ஓரத்தில் ஓடும் கட்டளை வரிகளையும் பார்க்கவில்லை, காது மட்டும் இருந்தது, சுகந்தி மெதுவாக எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், எண்ணுகிறாளா, பாடுகிறாளா, இல்லை, ம், ம், என்று தொட்டில் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒரு ம், அந்த ம் ஒரு நொடி பிந்தித்தான் ராணியின் காதில் விழுகிறது, அவள் விரல் அதற்கும் முன்னால், தினகர் இன்னும் படாத அடிக்கு, ஊழி இன்னும் இழுக்காத மூச்சுக்கு, ராணி என்றோ எழுதி மறந்த வரிகள் இன்னும் தீர்மானிக்காத ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இருட்டில் மாடிப்படி இறங்குகிறவர்கள் காலை நீட்டுவதுபோல, அங்கே படி இருக்கும் என்று. படி இருந்தது. மறுபடி இருந்தது. ஒரு தடவை இல்லை, வளையம் கொஞ்சம் முந்திவிட்டது, அடி தினகரின் உயிரை ஒரு நூலளவுக்குக் கொண்டுவந்தது, ராணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், அவன் ஓடவில்லை. ஓடியிருக்கலாம், ஓடத்தான் சொல்லும் உடம்பு, பஸ் வருகிறது, வெயில், கண்ணாடி. அவன் அழுகிற மாதிரி ஏதோ சத்தம் போட்டான், ஆனால் நின்றான், பயத்தில் நின்ற அதே கால்தான், அதே இடம்தான், அடுத்த வளையம் அவனைச் சுற்றி மலர்ந்தது. இது நான் செய்ததில்லை, என்று நினைத்தாள் ராணி, இதில் எதுவும் நான் செய்ததில்லை, கோயிலுக்குக் கல் சுமந்தவள்போல, உள்ளே யாரோ விளக்கேற்றுவதைத் தூணருகே நின்று பார்க்கிறேன். அளவு போய்விட்டதா என்று பயந்தாளே, அளவு என்று ஒன்று இருந்தால்தானே போவதற்கு. மனிதரால் எது முடியும் என்பது ஒரு கோடாக இருந்தது அவளுக்கு, இத்தனை வருஷம், இன்றைக்கு அந்தக் கோட்டை யாரோ தீவிலிருந்து சும்மா தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள், கோழியைத் துரத்தச் சொல்லிவிட்டு.

ஊழி சரிந்தது. ஓவியர் ஆசையாக வரைந்த காட்சி அது, இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை, நீண்ட உடம்பு சுருள் சுருளாகப் பிரிந்து சாம்பலாக மேலெழுந்தது, ரியாஸ் அல்லா அல்லா என்று மட்டும் சொன்னான், வேறு யாரோ சிரித்தார்கள், யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தது கேட்டது. அந்தச் சாம்பலுக்கு நடுவே, எதுவுமில்லாத வெறும் தரையில் நின்ற தினகரைச் சுற்றி ஒரு நீல வளையம் வந்து மின்னி அணைந்தது. பிறகு இன்னொன்று. ராணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, தீவில் ஊழி இன்னும் சாகவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் முடிந்துபோன ஆபத்திலிருந்து அங்கே அவள் இன்னும் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள், உலகம் வந்து சேராத அந்த ஒரு நொடியில், தன்னந்தனியாக.

“விழுந்துருச்சா?” என்றாள் சுகந்தி.

ஆமாக்கா என்றான் தினகர்.

பிரியாணி வாசனையோடு எல்லோரும் திரும்பி வந்தபோது ராணி நின்றுகொண்டுதான் இருந்தாள். பிரகலாதன் சார் நேரே அவள் மேஜைக்கு வந்தார், திரையில் எண்ணின் முதல் இலக்கம் காலியாக இருப்பதைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், என்ன ஆச்சு என்று கேட்டார். அவள் பதிவை ஓட்டிக் காட்டினாள். அவரும் உட்காரவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்து கூடினார்கள், பல் குத்திக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். இந்த விளக்கு சிவப்பா இருக்கே என்றார் சார், ஆமாம் என்றாள் அவள், அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், சாம்பல் எழும்பி, கடைசி இரண்டு வளையமும் மின்னி அணையும் வரை.

“இப்படி ஒரு வழி வச்சிருந்தீங்களா ராணி?”

“இல்லைங்க சார். எனக்குத் தெரியவே தெரியாது.”

அதைச் சொல்லும்போது தன் குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவர் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். கதவு சின்னதாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கதவுதான் என்றார், இன்றைக்கு எண்ணைத் தொட வேண்டாம் என்றார். அவள் தானாகவே ஒன்று சொன்னாள், ஆறாம் வாயிலில் இதே குணமுள்ள ஒரு சின்ன மிருகத்தை வைத்துத் தருகிறேன், அடி பலமாக இருக்காது, நிற்பதற்குப் பழகிக்கொள்ளட்டும், பிறகு இங்கே வரட்டும். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அவள் அழித்த இலக்கத்தை மறுபடி தட்டினாள், பழையபடி அதே எண், உட்கார்ந்தாள். சாளரத்தில் ஏழாம் வாயில் நிறைந்துகொண்டிருந்தது. அந்த ஒளிபரப்பை யாரோ யாருக்கோ சொல்லி, சொல்லிச் சொல்லி, விட்டுப் போனவர்களின் பெயர்கள்கூட வந்துகொண்டிருந்தன, கூட்டம் கூட்டமாக. ஒன்றைத் திறந்து பார்த்தாள். முன்பின் தெரியாத எட்டுப் பேர். அவர்களில் ஒருவர் மற்றவர்களை விட்டு விலகி ஊழியின் முகத்துக்கு நேரே போய் நின்றார், தலை தூக்கியது, வளையம் வரவில்லை, ஒரே அடியில் செத்தார். எழுந்து வந்தார். அதே இடத்தில் போய் நின்றார்.